மூக்குக்குப் பதிலாக ஒரு குக்கர்

ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் திரை அக்கா சமையற்கட்டில் எதையும் அளந்ததே இல்லை. வேலை பார்க்கிற இடத்தில் அவளைப் போல அளக்கிறவர் யாரும் கிடையாது என்பது வேறு விஷயம். ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுக்கிற கடை அது. மாடியில் நீளமான ஒரு வெட்டு மேஜை, அதையொட்டி மூன்று தையல் இயந்திரங்கள், மூலையில் நீராவி இஸ்திரிப் பெட்டி. யார் வீட்டுக்காவது திரை வேண்டுமென்றால் இன்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு இவள்தான் கிளம்புவாள். ஒரு ஜன்னலை மேலே ஒரு தரம், நடுவில் ஒரு தரம், கீழே ஒரு தரம் அளப்பாள்.

"பாக்க நேராத்தானே இருக்கு, ஒரு தடவை அளந்தா போதாதா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

"நேரா இருக்கற ஜன்னலை நான் இன்னும் பாக்கலைங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் டேப்பை விரிப்பாள்.

கால் அங்குலம் பிசகினாலும் பிரித்துத் தைத்துவிட்டுத்தான் மறுவேலை. கடையில் எல்லாருக்கும் அவள் திரை அக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த முதலாளிக்கும் அக்காதான்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் டேப்பும் கிடையாது, தராசும் கிடையாது. எல்லாம் மூக்குதான். வெங்காயத்தின் பச்சை வாடை போய் லேசாக இனிப்பு கிளம்பும்போது இஞ்சி பூண்டைப் போடுவாள். பருப்பு வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்க்கமாட்டாள். கூடத்தில் உட்கார்ந்து துணிக்கு ஓரம் மடித்துக்கொண்டே, "ஏங்க, அடுப்பை நிறுத்துங்க" என்று குரல் கொடுப்பாள். அவள் வீட்டுக்காரர் எழுந்து போய் நிறுத்துவார். திறந்து பார்த்தால் பருப்பு பூப்போல மலர்ந்திருக்கும். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்த மகள் போனில் கூப்பிட்டு, "எவ்வளவு நேரம்மா வேகணும்?" என்று கேட்டால், "வாசனை வர்ற வரைக்கும்" என்பாள். "என்ன வாசனை?" என்றால், "வந்தா தெரியும்டி." அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை வந்ததும் இல்லை, தெரிந்ததும் இல்லை.

வீட்டுக்காரர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்துக்கொள்கிறவர். படுக்கை விரிப்புகளையும் அறுவை அறைத் துணிகளையும் வேகவைத்து வெளுக்கிற நீராவி அவர் கையிலிருந்துதான் போகவேண்டும். மணிக்கு ஒருமுறை அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாய்லர்காரர் என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். அதிர்ந்து பேசாத மனிதர். சாப்பாட்டைப் பற்றி இருபத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்: "நல்லாருக்கு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுக்கையில் போட்டது. ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். பாய்லர்காரர் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வாய் குடித்தாள். சூடு தெரிந்தது, கசப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. காபி மட்டும் தெரியவில்லை.

மூக்கடைப்பு என்று நினைத்தாள். ஆவி பிடித்தாள். தைலம் தடவிப் பார்த்ததில் எரிச்சல் வந்ததே தவிர வாசனை வரவில்லை. சோப்பை மூக்கருகில் வைத்து மோந்தாள். கூழாங்கல்லை மோந்த மாதிரி இருந்தது. ஆனால் மூச்சு தாராளமாகப் போய்வந்து கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கைப்பழக்கத்தில் சமைத்தாள், பழக்கத்தில் உப்புப் போட்டாள். பாய்லர்காரர் நல்லாருக்கு என்றார். அப்படியானால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவள் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுச் சமையற்கட்டு ஜன்னலைத் திறந்தாள். பிறகு மேஜையில் உட்கார்ந்து, தவறாக மடித்திருந்த ஒரு திரையின் ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். காற்றில் அடுப்பு அணைந்ததை அவள் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் தூசி வருகிறதென்று ஜன்னலையும் சாத்திவிட்டாள். அரைமணி கழித்து வேலையிலிருந்து திரும்பிய பாய்லர்காரர் கதவைத் திறந்ததும் ஒரு சத்தம் போட்டார். அவ்வளவு உரக்க அவர் கத்தி அவள் கேட்டதே இல்லை.

"கேஸ்! வெளிய வா! சுவிட்சு எதையும் தொடாதே!"

ஓடிப்போய் சிலிண்டரை மூடினார். ஜன்னல்களை அடித்துத் திறந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். இரண்டு பேரும் வாசற்படிக்கு எதிரே நின்றார்கள். அவளுடைய ஒரு கையில் இன்னும் கத்தரிக்கோல் இருந்தது.

"அவ்வளவு நாத்தம் அடிக்குது, உனக்கு வரவே இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். பேச்சுக்குப் பதில் அழுகைதான் வந்தது.

"எத்தனை நாளா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"பதினாறு நாளா."

மருத்துவர் சிறிய விளக்கை வைத்து மூக்குக்குள் பார்த்தார். காய்ச்சல் வாசனை நரம்பைத் தாக்கியிருக்கிறது என்றார். சிலருக்குச் சில மாதங்களில் திரும்பும், சிலருக்கு அரைகுறையாகத் திரும்பும், சிலருக்கு வராமலே போகும் என்றார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், பன்னீர்ப்பூ, தைலம் என்று நான்கு சின்னப் புட்டிகளில் போட்டுக் காலையும் மாலையும் மோந்து பார்க்கச் சொன்னார். கைகாலுக்குப் பயிற்சி கொடுப்பது போல மூக்குக்கும் பயிற்சியாம். கடைசியாக, "தனியா இருக்கும்போது கேஸ் அடுப்பு வேணாம்" என்றார்.

பாய்லர்காரருக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதும். அன்றைக்கே சிலிண்டரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வெறும் அடுப்பு மேடையைப் பார்த்த திரை அக்காவுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது.

ஒன்பது நாள் ரொட்டியும் பழமும் கடைச் சாப்பாடுமாக ஓடியது. பத்தாம் நாள் மகள் அனுப்பிய பெட்டி வந்தது. உள்ளே மின்சாரப் பிரஷர் குக்கர். கறுத்து, குண்டாக, நெற்றியில் வரிசையாகப் பட்டன்களோடு மேடைமேல் உட்கார்ந்தது.

"இது யாரு வீட்டு மாப்பிள்ளை, இப்படி உம்முன்னு உக்காந்திருக்கு?" என்றாள் திரை அக்கா.

பாய்லர்காரருக்கோ கால் தரையில் பாவவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீராவி வெளியேறும் வால்வு, அழுத்தம் ஏறினால் மேலே எழும்புகிற சின்ன ஊசி, மூடியின் விளிம்புக்குள் பொருந்தியிருந்த ரப்பர் வளையம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். "அழுத்தம் உள்ள இருக்கற வரைக்கும் மூடி திறக்காது. பாதுகாப்பு வால்வும் இருக்கு. நம்ம பாய்லரோட பேரப்பிள்ளைதான் இது" என்று சான்றிதழ் கொடுத்தார்.

"படிச்சு முடிச்சாச்சா? பரீட்சை எப்போ?"

"முதல்ல வெறும் தண்ணியை வெச்சு ஓட்டிப் பாக்கணும்னு போட்டிருக்கு."

வெறும் தண்ணீரை வைத்தார்கள். இருவரும் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வால்வின் ஓரத்தில் ஒரு சீறல். ஊசி 'டக்'கென்று எழும்பியது. அத்தோடு சத்தம் அடங்கிவிட்டது.

"செத்துப்போச்சா?"

"இல்லம்மா, இப்பத்தான் உயிரே வந்திருக்கு. அழுத்தம் ஏறிடுச்சு."

"விசிலும் இல்ல. எனக்கு வாசனையும் இல்ல. உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"எங்க பாய்லருக்குள்ள நானென்ன எறங்கியா பாக்கறேன்? வெளிய முள்ளு காட்டறதைத்தான் நம்பறேன். நேரத்தைக் குடு, தண்ணியைக் குடு, அது பாத்துக்கும்."

அது அவ்வளவு சுலபமாகப் பார்த்துக்கொள்ளவில்லை. பீன்ஸுக்குப் பத்து நிமிடம் கொடுத்தாள். திறந்தபோது பீன்ஸ் இல்லை, பச்சைக் கூழ்தான் இருந்தது. பருப்பைப் பாதிக்கு மேல் நிரப்பி வைத்து, நேரம் முடிந்த கையோடு வால்வைத் திருப்பினாள். மஞ்சள் நுரை மேலே இருந்த அலமாரி வரை பீய்ச்சியடித்தது. அரிசி ஒருநாள் வேகாமல் நெத்தாக நின்றது, மறுநாள் பசையாகிவிட்டது. எதை உடனே திறக்க வேண்டும், எதைத் தானாக அடங்க விட வேண்டும் என்று பாய்லர்காரர் கையேட்டைப் பார்த்துச் சொன்னார். அவளுக்குப் பொறுமை இல்லை. மூக்கால் இருபத்தொன்பது வருஷம் நடத்திய ராஜ்ஜியத்தை ஒரு பட்டன் பெட்டியிடம் கொடுத்துவிட்டு நிற்பது போல இருந்தது.

மூன்றாவது தடவையாக அரிசியைக் கெடுத்த அன்றுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நேராக இருக்கிற ஜன்னலை யார் பார்த்தது? அளக்காமல் துணியை வெட்டுவாளா அவள்? ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். கடையில் வடிவம் வரைகிற பழுப்புத் தாளில் ஒன்றைச் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டினாள். அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று பென்சிலால் கோடு போட்டு எழுதினாள். ஒரே பொருளை மூன்று தடவை, மூன்று விதமாக வைத்துப் பார்த்து, நடுவில் சரியாக வந்ததை வட்டமிட்டாள். இரண்டு வாரத்தில் அரிசி அடங்கிற்று. பருப்பு அடங்கிற்று. பீன்ஸுக்கு இரண்டே நிமிடம்தான் என்று தெரிந்தது.

வேக்காடு பிடிபட்டுவிட்டது. வாசனை போனபிறகு நாக்கையும் நம்பாமல், ருசி பார்க்காமலே அவள் விழுங்கிவந்தாள்; ருசிக்கு நம்பியிருந்தது வீட்டுக்காரரைத்தான். ஒவ்வொரு வேளையும் அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் நல்லாருக்கு என்பார். அவள் தாளில் ஒரு டிக் போடுவாள்.

அந்த மாதக் கடைசியில் மகள் தன் மாமியாரை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சம்பந்தியம்மா மெதுவாகப் பேசுகிற, மெதுவாகச் சாப்பிடுகிற, யார் மனத்தையும் நோகடிக்காத அம்மாள். திரை அக்கா அதிகாலையிலேயே குக்கரில் கோழியை வைத்தாள். மிளகு, இஞ்சி, ஒரு முழுப் பூண்டு. அது ஆனதும் உள் பாத்திரத்தை மூன்று முறை தேய்த்துக் கழுவி, அடியில் தண்ணீர் விட்டு, ஒரு கிண்ணத்தில் அரிசியும் பாலும் சர்க்கரையும் கலந்து இனிப்புக்காக உள்ளே இறக்கினாள். குழைந்து, வெண்ணெய் மாதிரி வந்தது. மேலே முந்திரி தூவினாள். கண்ணுக்கு லட்சணமாக இருந்தது.

சாப்பாடு நன்றாகவே நடந்தது. கோழியைச் சம்பந்தியம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். பிறகு இனிப்பு வந்தது. சம்பந்தியம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். நிறுத்தினாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க" என்றாள் அந்த அம்மாள். "இதுல பூண்டு சேத்திருக்கீங்களா? எங்க பக்கம் சேக்கமாட்டோம். ஒருவேளை உடம்புக்கு நல்லதோ என்னவோ."

திரை அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "பூண்டா? இல்லையே!" என்றாள்.

மேஜையின் மறுபக்கத்தில் பாய்லர்காரர் தன் கிண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அடியில் ஒரு பருக்கை இல்லை.

விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வந்ததும் அவள் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கேருந்து வந்துச்சு பூண்டு?"

அவர் தலையைச் சொறிந்தார். மூடியிலிருந்த ரப்பர் வளையத்தை உருவி மோந்து பார்த்தார். "இதுலதான். ரப்பர் வாசனையை இழுத்து வெச்சுக்குது. காலையில வெச்ச கோழி முழுக்க இதுக்குள்ள இருக்கு."

"அப்ப சாப்பிடும்போதே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"ம்."

"போன வாரம் பருப்பு?"

"உப்பு போடலை."

"செவ்வாய்க்கிழமை பீன்ஸ்?"

"ரெண்டு தடவை போட்டிருந்தே."

"அந்த முட்டைக்கோஸ்?"

"அதைக் கேக்காதே."

வேறு நாளாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. "இருபத்தொம்பது வருஷமும் இப்படித்தானா?" என்றாள்.

"ஐயோ, இல்லம்மா. அப்பல்லாம் நிஜமாவே நல்லாருந்துச்சு."

"அதை நான் இப்ப எப்படி நம்பறது?"

அவர் வளையத்தை மறுபடி மூடியில் மாட்டினார். மறுநாள் அவள் குக்கரின் பிளக்கைக்கூடத் தொடவில்லை. காலையில் ரொட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நாள் முழுக்க ஒரு பெரிய வீட்டின் பதினான்கு ஜன்னல்களுக்குத் திரை வெட்டினாள். கோபம் குறைந்ததா என்றால் குறைந்தது. ஆனால் பயம் குறையவில்லை. இனிமேல் தன் சமையலைப் பற்றித் தனக்கு யார் சொல்வார்கள் என்ற பயம் அது. பாவம், அந்த மனிதர் அவளை நோகடிக்கக்கூடாது என்றுதான் உப்பில்லாத பருப்பை விழுங்கியிருக்கிறார். அதுவும் அவளுக்குத் தெரியாமலில்லை.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"பாய்லர்ல அழுத்தம் கூடிப்போனா பதிவேட்டுல என்ன எழுதுவீங்க?"

"கூடிருச்சுன்னு எழுதுவேன்."

"நல்லாருக்குன்னு எழுதமாட்டீங்களே?"

"எழுதினா சலவைக்கூடமே கூரையோட மேல போயிடும்."

"இங்கயும் அப்படி எழுதுங்க. எனக்கு ஆறுதல் சொல்ல ஊர்ல ஆளிருக்கு. மூக்குதான் இல்ல. உங்க மூக்கைக் குடுங்க."

அவர் உள்ளே போய் முகம் கழுவினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு. அடிக்கோலை வைத்துப் பத்திகள் பிரித்தார். தேதி, பொருள், தண்ணீர், நிமிடம், உப்பு, காரம், புளிப்பு, வேக்காடு, வாசனை, குறிப்பு. வேலையில் எழுதுகிற அதே அழகான கையெழுத்து.

அன்று கொண்டைக்கடலை வைத்தாள். முப்பத்தைந்து நிமிடம். தானாக அடங்க விட்டாள். தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தபோது இருவருக்குமே புதுசாகப் பெண் பார்க்க வந்த மாதிரி கூச்சமாக இருந்தது. அவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பேனாவை எடுத்தார்.

'உப்பு: கால் கரண்டி குறைவு. காரம்: சரி. வேக்காடு: மிகச் சரி. வாசனை:'

அங்கே பேனா நின்றுவிட்டது.

"வாசனைக்கு என்ன எழுதறது?"

"எப்படி இருக்கோ அப்படி."

"கொண்டைக்கடலை வாசனையா இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? உள்ள என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கவளத்தை நின்று நிதானமாகத் தின்றார். "வெங்காயம் இன்னும் கொஞ்சம் பச்சையா இருக்கு. மிளகு முன்னாடி வந்து நிக்குது. இஞ்சி இருக்கு, ஆனா கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிட்டு இருக்கு" என்றார்.

திரை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. "அப்படியே எழுதுங்க" என்றாள். எழுதினார்.

மறுநாளிலிருந்து வெங்காயத்தைக் குக்கரின் வதக்கும் பட்டனில் இன்னும் நான்கு நிமிடம் விட்டாள். இஞ்சியைக் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்தாள். பாய்லர்காரர் இரண்டு புது ரப்பர் வளையங்கள் வாங்கிவந்தார். நீல வளையம் காரத்துக்கு, வெள்ளை வளையம் இனிப்புக்கு. வெள்ளையை மூடிய டப்பாவில் போட்டுத் தன் சவரச் சாமான்களோடு பூட்டி வைத்தார். யாரும் தெரியாமல் எடுத்துவிடக்கூடாதாம். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர்.

நாளாக ஆக அவர் சொல்வளம் பெருகிக்கொண்டே போனது. ஒரு பூசணிக்காய்க் குழம்புக்கு 'மழை நின்றபின் மொட்டை மாடி' என்று எழுதியிருந்தார். ஒரு காளான் சாதத்துக்கு 'புத்தக அலமாரி, ஆனால் நல்ல விதத்தில்' என்றிருந்தது. அதைப் படித்துவிட்டு அவள் அடுத்த தடவை மிளகைக் கூட்டி, புத்தக அலமாரியைக் காலி செய்தாள். தனக்கு மிச்சமிருந்ததை வைத்து அவளும் சாப்பாட்டை மாற்றிக்கொண்டாள். கவனித்துச் சாப்பிட்டபோது நாக்குக்குப் புளிப்பு தெரிந்தது, உப்பும் இனிப்பும் தெரிந்தன, பல்லுக்கு மொறுமொறுப்பு தெரிந்தது. குழைந்த பருப்பின்மேல் வறுத்த வேர்க்கடலையை நொறுக்கிப் போட்டாள். தக்காளியைக் கூட்டினாள். கடைசியில் எலுமிச்சை பிழிந்தாள். வாசனை தெரியாமலே அவளுக்கும் சாப்பாட்டில் ஒரு பிடிப்பு வந்தது.

மகள் போனில் கூப்பிட்டு எவ்வளவு நேரம் என்று கேட்டால் இப்போது நோட்டைப் பிரித்து நிமிடமும் டம்ளரும் சொல்லுவாள். "அம்மா, உன் பருப்பு இப்பத்தான் முதல் தடவையா என் வீட்ல வந்துச்சு" என்றாள் மகள். திரை அக்காவுக்கு அன்றைக்குத் தையல் தானாக ஓடியது.

ஒரே ஒரு சங்கடம். உண்மை பேசக் கற்றுக்கொண்ட பாய்லர்காரருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். அந்த அம்மாள் வழக்கமான மரியாதைக்கு, "எப்படி அண்ணா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவர் கண்ணை மூடி, மென்று, விழுங்கி, "உப்பு அரைக்கரண்டி அதிகம். உருளைக்கிழங்கு வேக்காடு சரி. எண்ணெய் பழசு" என்றார்.

திரை அக்கா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். மிதித்தது மருமகனுடைய கால் என்பது அவன் துள்ளியபோதுதான் தெரிந்தது. சம்பந்தியம்மா ஒரு கணம் திகைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். மெதுவாகவே எதையும் செய்கிற அந்த அம்மாள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எண்ணெய் பழசுதான். இன்னிக்கு மாத்தணும்னு நினைச்சேன், சோம்பல். முப்பது வருஷமா இந்த வீட்ல ஒருத்தர் வாயிலேருந்தும் இது வரலை" என்றாள். சாப்பாடு முடிந்ததும் நோட்டைப் பற்றிக் கேட்டாள். குக்கரைப் பற்றியும் கேட்டாள். அடுத்த மாதம் அவள் வீட்டிலும் ஒன்று வந்தது. "சம்பந்தி, ஊசி எழும்பிடுச்சு, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று போன் வரும். "ஒண்ணும் பண்ணாதீங்க. அதுதான் அதோட அழகு" என்பாள் திரை அக்கா.

காய்ச்சல் வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆன சமயம். கடை மாடியில் தைத்து முடித்த பருத்தித் திரை ஒன்றுக்கு நீராவிப் பெட்டியால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் துணியிலிருந்து ஆவி முகத்தில் அடித்தது. அப்போது ஏதோ ஒன்று மூக்கில் தட்டியது. கை அப்படியே நின்றது. ஈரப் பருத்தியின் வாசனை. புதுத் துணிக்கஞ்சி சூடாகும் வாசனை. அவள் குனிந்து இன்னொரு முறை மோந்தாள். போய்விட்டது. துணி கருகிவிடப் போகிறதென்று பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுச் சிறிது நேரம் ஜன்னலோரம் நின்றாள். பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, தலை சுத்துதா?" என்றாள். "இல்ல, சும்மாதான்" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அரிசியும் பருப்பும் காய்கறியுமாக அளந்து குக்கரில் போட்டாள். நேரத்தை அமுக்கினாள். இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கேஸ் அடுப்புக் காலத்தில் இந்த வேளையில் அவள் வாசலைத் தாண்டியதே இல்லை. இப்போது சில மாதமாகத் தெருமுனைப் பூங்காவைச் சுற்றி நடப்பது பழக்கமாகியிருந்தது. அங்கே யார் நாய் புதுசு, எந்த வீட்டில் என்ன திரை, எந்தத் திரை கால் அங்குலம் தூக்கியிருக்கிறது என்றெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இரண்டாவது சுற்றில் இஸ்திரி விஷயத்தைச் சொன்னாள். பாய்லர்காரர் நின்றுவிட்டார்.

"எத்தனை நொடி இருந்துச்சு?"

"நான் என்ன கடிகாரமா பாத்துட்டு நின்னேன்? மூணு நொடி இருக்கும்."

"மெல்ல வந்துச்சா, சட்டுனா?"

"சட்டுனு வந்து சட்டுனு போயிடுச்சு. மறுபடி வருமான்னு தெரியலை."

"வரும்."

அவள் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவசரமாக, "அது எனக்கும் தெரியாது. வரணும்னு ஆசைப்படறேன், அவ்வளவுதான்" என்று திருத்திக்கொண்டார்.

"அப்படிச் சொல்லுங்க" என்றாள். ஆனால் அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. வந்தாலும் சரி, வராவிட்டாலும் பசி தீர்க்க அளவு தெரியும். பக்கத்தில் நடந்துவர ஒரு ஆளும் உண்டு.

"நேரமாச்சா? வீட்டுக்குப் போகணுமா?" என்று கேட்டாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெந்து முடிய இன்னும் ஒம்பது நிமிஷம். அடங்கறதுக்கு ஒரு பத்து. அதுக்கப்புறமும் சூடு ஆறாம அது பாட்டுக்குக் காத்துட்டிருக்கும்."

"அப்ப இன்னொரு சுத்து போகலாம்" என்றாள் திரை அக்கா. நீலக் கதவு வீட்டு ஜன்னலில் யாரோ திரையைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அவருக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டே நடந்தாள்.